ஈ-கேட்ஹெரின் குறைந்தால் போதுமா? எபிதீலிய செல் மீசென்கைமாக மாறியதை எதை வைத்து உறுதி செய்வது

மதிவதனி:
எலியின் பால்சுரப்பி எபிதீலிய வரிசையான என்எம்யுஎம்ஜி செல்களுக்கு டிஜிஎஃப்-பீட்டா1 என்ற சமிக்ஞைப் புரதம் கொடுத்து ஈஎம்டி, அதாவது ஒட்டி நிற்கும் எபிதீலிய செல் தனியாக நகரும் மீசென்கைம் செல்லாகும் எபிதீலிய–மீசென்கைம் மாற்றம், நடக்கிறதா என்று பார்க்கிறோம். அளவு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம். ஊடகத்தில் 10% சீரம். நேரம் 24 மணி. ஆர்என்ஏ அளவில் ஈ-கேட்ஹெரின் (செல்களை ஒட்டவைக்கும் புரதம், எபிதீலியக் குறியீடு) பாதியாகிறது, விமெண்டின் (இழைப் புரதம், மீசென்கைமக் குறியீடு) ஏறுகிறது. இரண்டையும், மாறாது என்று கருதிய பீட்டா-ஆக்டினோடு ஒப்பிட்டுத்தான் கணக்கிட்டோம். ஆனால் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஈ-கேட்ஹெரின் பட்டை அப்படியே இருக்கிறது. ஈஎம்டியைத் தூண்டும் படியெடுப்புக் காரணியான (மரபணுக்களை இயக்கும், அடக்கும் புரதம்) ஸ்னெயிலின் பட்டை தெரியவே இல்லை. சில செல்கள் கதிர்போல நீண்டுவிட்டன, மற்றவை ஒட்டிய அடுக்காகவே இருக்கின்றன.

இதை ஈஎம்டி என்று எழுதலாமா? புரதம் ஏன் குறையவில்லை? ஸ்னெயிலை எப்படிப் பிடிப்பது?

கரிகாலன்:
முதல் கேள்வியைக் கருவியல் தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். நான் தட்டில் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

24 மணி நேரம் குறைவு. செல்பரப்பில் இருக்கும் ஈ-கேட்ஹெரினின் அரை ஆயுள் சுமார் 5 முதல் 10 மணி நேரம். இறுக்கமாகச் சேர்ந்த செல்களில் கேட்டனின் புரதங்களோடு பிணைந்து அது இன்னும் நிலைத்து நிற்கும். ஆர்என்ஏ பாதியானாலும், ஏற்கனவே சந்திப்புகளில் உட்கார்ந்திருக்கும் புரதம் கரையக் காலம் பிடிக்கும். இந்த வரிசையில் ஆக்டின் மறுசீரமைப்பு முதல் நாளிலேயே தெரியும், ஈ-கேட்ஹெரின் புரதம் பின்தங்கித்தான் விழும். 0, 6, 24, 48, 72 மணி என்று கால வரிசை வையுங்கள். மனித நுரையீரல் வரிசையான ஏ549-க்கு 48 முதல் 72 மணி வேண்டும். மனித மார்பக வரிசையான எம்சிஎஃப்10ஏ என்றால் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

அடுத்தது செல் அடர்த்தி. மருந்து, அதாவது டிஜிஎஃப்-பீட்டா, சேர்க்கும்போது தட்டில் 30 முதல் 50 சதவீதம்தான் நிரம்பியிருக்க வேண்டும். முழுதும் நிரம்பிய தட்டில் செல்கள் ஒன்றையொன்று பிடித்து நிறுத்திவிடும். தீவின் ஓரத்துச் செல்கள் நீளும், நடுவில் இருப்பவை அசையாது. நீங்கள் சொல்லும் கலவையான தோற்றத்துக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சீரத்தில் உறங்குநிலை டிஜிஎஃப்-பீட்டா உண்டு. அதனால் கட்டுப்பாட்டுத் தட்டிலேயே அடிப்படைச் சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும், வித்தியாசம் சுருங்கும். 0.5 முதல் 2 சதவீதச் சீரத்துக்கு இறக்குங்கள், இரண்டு தட்டுகளுக்கும் ஒரே அளவு. இந்த வரிசைக்கு ஊடகத்தில் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் இன்சுலின் வழக்கமாகச் சேர்ப்பார்கள், அதை நிறுத்த வேண்டாம். டிஜிஎஃப்-பீட்டா இந்தச் செல்களில் வளர்ச்சியை நிறுத்தும், ஒரு பகுதியைக் கொல்லவும் செய்யும். மிதக்கும் செல்களைப் பார்த்துப் பதறாதீர்கள், ஆனால் எண்ணிப் பதிவு செய்யுங்கள். உயிர் பிழைத்த சிறுபான்மையை மட்டும் அளந்துவிட்டு எல்லாச் செல்லும் மாறியதாக எழுதக் கூடாது.

டிஜிஎஃப்-பீட்டாவை எதில் கரைத்தீர்கள்? 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆல்புமின் சேர்த்துக் கரைப்பதுதான் வழக்கம். துணைப் புரதம் இல்லாவிட்டால் அது குழாயின் பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். 5 நானோகிராம் என்று நினைத்துக் கொடுப்பது உண்மையில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கரைசலைச் சிறு பங்குகளாக உறையவைத்து, ஒரு பங்கை ஒரு முறை மட்டும் உருக்குங்கள்.

எஸ்பி431542 என்ற தடுப்பான் 10 மைக்ரோமோலாரில் ஒரு தட்டும் கட்டாயம் வேண்டும். டிஜிஎஃப்-பீட்டாவின் ஏஎல்கே5 ஏற்பியை அது தடுத்தும் மாற்றம் நடந்தால், அது டிஜிஎஃப்-பீட்டாவின் வேலை அல்ல.

ஸ்னெயில் விஷயம்: ஜிஎஸ்கே-3பீட்டா நொதி அதற்குப் பாஸ்பேட் ஏற்ற, செல்லின் புரதம் உடைக்கும் பொறியான புரோட்டியசோம் அதை உடைத்துவிடும். அரை ஆயுள் 25 நிமிடம் அளவுதான். முதல் சில மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடுவதால் 24-ஆம் மணியில் தேடினால் கிடைக்காது. 1, 2, 4 மணியில் பாருங்கள். புரோட்டியசோமைத் தடுக்கும் எம்ஜி132 10 மைக்ரோமோலார் 4 மணி நேரம் கொடுத்த தட்டு ஒன்றைப் பட்டை இருக்கும் இடத்தைக் காட்ட மட்டும் வையுங்கள். பட்டை 29 கிலோடால்டன் பக்கம் வரும். ஸ்னெயில் ஆன்டிபாடிகளில் நம்பக்கூடியவை குறைவு, ஸ்னெயிலை நீக்கிய செல்லிலும் அதே பட்டை வந்தால் அந்த ஆன்டிபாடியை விட்டுவிடுங்கள். ஸ்னெயில் போன்ற இன்னொரு காரணியான செப்1-ஐத் தேடினால் கணக்குப்படி 124 கிலோடால்டன் இருக்க வேண்டியது ஜெல்லில் 200 பக்கம் ஓடும், அதையும் மனதில் வையுங்கள்.

பீட்டா-ஆக்டினை உடனே மாற்றுங்கள். ஈஎம்டியில் அழுத்த நார்கள் உருவாகும்போது ஆக்டின் மரபணுவே ஏறும். அதனோடு ஒப்பிட்டால் ஏறாததும் இறங்கியதாகத் தெரியும். ஹெச்பிஆர்டி, ஆர்பிஎல்பி0 போன்று குறைந்தது இரண்டு மரபணுக்களை வைத்து, அவை உங்கள் நிலைமையில் அசையாமல் நிற்கின்றனவா என்று சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வானதி:
எழுதலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கருவில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால், ஒரே ஒரு குறியீட்டை நம்புவது ஏன் ஆபத்து என்பது தெளிவாகும்.

எபிதீலிய செல்லுக்கு மேல்–கீழ் துருவம் உண்டு. பக்கத்துச் செல்லோடு இறுக்கச் சந்திப்பும் ஒட்டுச் சந்திப்பும் டெஸ்மோசோமும் உண்டு, காலுக்கடியில் அடிச்சவ்வு உண்டு. மீசென்கைம் செல்லுக்கு இவை இல்லை. அதற்கு முன்–பின் துருவம் மட்டுமே, தனியாக நகரும். இடையில் பல வேலைகள் நடந்தாக வேண்டும். ஆனால் அவை நடக்கும் வரிசை எல்லா இடத்திலும் ஒன்றல்ல.

கோழிக் கருவில் செல்கள் உள்ளே இறங்கும் இடமான முதல்கோட்டில் செல்லின் அடிப்பகுதியில் இருக்கும் ஆர்ஹெச்ஓ-ஏ என்ற சமிக்ஞைப் புரதத்தின் செயல்பாடு முதலில் மறைகிறது. அங்குள்ள நுண்குழல்கள் நிலைகுலைகின்றன. அதன்பின் அடிச்சவ்வு உடைகிறது. சந்திப்புகள் தளரும் முன்பே கீழ்ப்பக்கக் கதவு திறந்துவிடுகிறது. எலியில் ஸ்னெயில்1 மரபணுவை நீக்கினால் கரு அடுக்குகளாகப் பிரியும் கேஸ்ட்ருலா கட்டத்தில் சாகும். அந்தக் கருக்களில் நடு அடுக்கான மீசோடெர்ம் உருவாகத்தான் செய்கிறது, ஆனால் அதன் செல்கள் ஈ-கேட்ஹெரினையும் மேல்–கீழ் துருவத்தையும் விடாமல் எபிதீலியம் போலவே இருக்கின்றன. அதாவது செல் எதுவாக ஆவது என்பதும், எப்படி நகர்வது என்பதும் தனித்தனி முடிவுகள். மீசோடெர்ம் மரபணு எழுந்ததை வைத்து ஈஎம்டி நடந்ததாகச் சொல்ல முடியாது.

கருவின் நரம்புக் குழாயிலிருந்து பிரிந்து பரவும் நரம்பு முகட்டுச் செல்களைப் பாருங்கள். பாடநூல் சொல்லும் ஈ-கேட்ஹெரினிலிருந்து என்-கேட்ஹெரினுக்கு மாறும் கதை அங்கே நரம்புத் தட்டு மடியும்போதே முடிந்துவிடுகிறது. கோழியின் உடற்பகுதியில் முகட்டுச் செல்கள் நரம்புக் குழாயை விட்டுப் பிரியும்போது குறைவது என்-கேட்ஹெரினும் கேட்ஹெரின்-6பி-யும்தான். அங்கே என்-கேட்ஹெரின் ஏற்றத்தைத் தேடுபவர் தலைகீழாகத் தேடுகிறார். பழ ஈயில் ஈ-கேட்ஹெரினைக் குறையவிடாமல் வைத்தாலும் மீசோடெர்ம் செல்கள் பிரிந்து பரவுகின்றன.

எலிசபெத் ஹே 1982-இல் கிரீன்பர்க்குடன் சேர்ந்து, விழிலென்ஸ் உள்ளிட்ட எபிதீலியங்களைக் கொலாஜன் ஜெல்லுக்குள் தொங்கவிட்டபோது செல்கள் துருவத்தை இழந்து நீண்டு ஜெல்லுக்குள் நகர்ந்தன. அவர்கள் பார்த்தது வடிவம், துருவம், நகர்வு மூன்றும் சேர்ந்து மாறுவதை. ஒரு புரதப் பட்டையை அல்ல.

திரும்பும் வழியும் உண்டு. உடற்கண்டம் உருவாகும்போது மீசென்கைம் எபிதீலியமாகத் திரளும். சிறுநீரகத்தில் சிறுநீர்க்குழாய் மொட்டிலிருந்து வரும் வின்ட்9பி தூண்ட, மீசென்கைம் திரள் வின்ட்4 வழியாக நெஃப்ரான் குழாயாகும். இதயத்தில் எண்டோதீலியம் தன் மாற்றத்தை நடத்தி வால்வுக்கான மெத்தையை உண்டாக்குகிறது. வளரும் உடல் இந்த மாற்றத்தை ஒரு முறை அல்ல, பல சுற்றுகளாக, இரு திசையிலும் பயன்படுத்துகிறது.

உங்கள் தரவை வைத்து இப்போது நேர்மையாக எழுதக்கூடியது இவ்வளவே: “டிஜிஎஃப்-பீட்டாவுக்கு எபிதீலிய மரபணு வெளிப்பாடு மாறுகிறது.” ஈஎம்டி என்று எழுத, செல்லின் வடிவமும் சந்திப்புகளும், நகர்வும், குறைந்தது சில எபிதீலியக் குறியீடுகளின் இழப்பும், சில மீசென்கைமக் குறியீடுகளின் வரவும், அவற்றின் பின்னால் ஒரு படியெடுப்புக் காரணியும் சேர்ந்து வேண்டும். 2020-இல் ஈஎம்டி பன்னாட்டுச் சங்கம் வெளியிட்ட கூட்டறிக்கையின் சாரமும் இதுதான்.

மதிவதனி:
நன்றி அக்கா, நன்றி கரிகாலன் சார். செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் கட்டுப்பாட்டுச் செல்களிலேயே ஈ-கேட்ஹெரின் குறைவாகத் தெரிகிறது. வெஸ்டர்னில் அதே செல்களில் நிறைய. அதோடு வெஸ்டர்னில் இரண்டு பட்டைகள் வருகின்றன. எதை நம்புவது?

இளமாறன்:
செல்களை ட்ரிப்சின்-ஈடிடிஏ போட்டுத்தானே கழற்றுகிறீர்கள்? அங்கேதான் சிக்கல். ஈ-கேட்ஹெரினின் வெளிப்பகுதி கால்சியம் பிடித்திருக்கும்வரை ட்ரிப்சினுக்குத் தாங்கும். ஈடிடிஏ கால்சியத்தை இழுத்துக்கொண்டதும் ட்ரிப்சின் அதை வெட்டிவிடும். ஆன்டிபாடி தேடும் பகுதியே போய்விடும். ட்ரிப்சின் இல்லாமல் ஈடிடிஏ மட்டும் போட்டுக் கழற்றுங்கள், அல்லது 1 முதல் 2 மில்லிமோலார் கால்சியத்தோடு ட்ரிப்சின் பயன்படுத்துங்கள். பின்னது செல்களைக் கொத்தாகவே விட்டுவிடும், வடிகட்டித் தனிச்செல்லாக்கும் வேலை கூடும். வெஸ்டர்னுக்குச் செல்களைத் தட்டிலேயே சுரண்டி எடுங்கள்.

இரண்டு பட்டை: 120 கிலோடால்டன் முதிர்ந்த வடிவம், 135 அளவில் இன்னும் வெட்டப்படாத முன்வடிவம். ஊடகத்தில் 80 அளவில் ஒன்று தெரிந்தால் அது செல்பரப்பிலிருந்து உதிர்ந்த துண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு செய்தி, கூட்டிக் கணக்கிடாதீர்கள்.

நுண்ணோக்கியில் பார்ப்பதே இந்த விஷயத்தில் அதிகம் சொல்லும். மொத்த அளவு மாறாமலேயே ஈ-கேட்ஹெரின் செல் விளிம்பிலிருந்து சைட்டோபிளாசத்துக்குப் போய்விடலாம், அதை வெஸ்டர்ன் காட்டாது. 4% பாராஃபார்மால்டிஹைடில் 10 முதல் 15 நிமிடம் நிலைப்படுத்தி, 0.1% ட்ரைட்டன் போட்டு, ஈ-கேட்ஹெரினுக்கும் இறுக்கச் சந்திப்புப் புரதமான இசட்ஓ-1-க்கும் சாயம் ஏற்றுங்கள். ஆக்டினுக்கு ஃபாலாய்டின். மெத்தனாலில் நிலைப்படுத்திவிட்டு ஃபாலாய்டின் போட்டால் ஒன்றும் தெரியாது. ஆக்டின் இழையின் வடிவத்தை மெத்தனால் கலைத்துவிடும், ஃபாலாய்டினுக்கு ஒட்ட இடம் இருக்காது. எபிதீலிய நிலையில் ஆக்டின் செல்லின் ஓரத்தில் வளையமாக நிற்கும், மாறிய செல்லில் குறுக்கே தடித்த கம்பிகளாக ஓடும். இது ஒரு நாளிலேயே தெரிந்துவிடும்.

விமெண்டினைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக்கில் வேகமாகப் பெருகும் எபிதீலிய வரிசைகள் பலவற்றில் அது முன்பே இருக்கும். எம்சிஎஃப்10ஏ-வில் மருந்தே இல்லாமல் காணலாம். இருக்கிறதா இல்லையா என்று கேட்காமல், எவ்வளவு கூடியது, இழையாக வலைவிரித்ததா என்று பாருங்கள்.

நகர்வுச் சோதனையில் கீறல் முறை ஏமாற்றும். எபிதீலிய அடுக்கு கைகோத்தபடி கூட்டாகவே கீறலை மூடிவிடும். டிஜிஎஃப்-பீட்டா பெருக்கத்தை நிறுத்துவதால், மாறிய செல்கள் மெதுவாக மூடுவதுபோலவும் தெரியலாம். மைட்டோமைசின் சி மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் 2 மணி நேரம் கொடுத்துப் பெருக்கத்தை இருபுறமும் நிறுத்திவிட்டு ஒப்பிடுங்கள். தனிச்செல் நகர்வுக்கு 8 மைக்ரான் துளைச் சவ்வு நல்லது.

செங்கதிர்:
எனக்கு மாற்றுக்கருத்து ஒன்று உண்டு. வளர்ப்புத் தட்டில் இவ்வளவு நுணுக்கம் பார்க்கிறோம். ஆனால் புற்றுநோயில் ஈஎம்டி இல்லாமலேயே பரவல் நடக்கிறது என்று 2015-இல் நேச்சர் இதழில் வந்த இரண்டு ஆய்வுகள் காட்டிவிட்டன. மார்பகப் புற்று எலியில் ஈஎம்டி நடந்த செல்லுக்கு நிலையான அடையாளம் இட்டுத் தடம் பின்பற்றியபோது நுரையீரல் கட்டிகள் ஈஎம்டி தடம் இல்லாத செல்களிலிருந்து வந்தன. கணையப் புற்று எலியில் ஸ்னெயிலையோ, இன்னொரு ஈஎம்டி காரணியான ட்விஸ்டையோ நீக்கியும் பரவல் குறையவில்லை. மருந்துக்குத் தாக்குப்பிடிப்பதில் மட்டுமே ஈஎம்டிக்குப் பங்கு தெரிந்தது. அப்படியிருக்க இதற்கு ஏன் இத்தனை எடை?

அருள்மொழி (நோய்க்கூறியல்):
அந்த இரண்டு ஆய்வுகளும் நேர்த்தியானவை. ஆனால் அவை எதை அளந்தன என்று பார்க்க வேண்டும். முதல் ஆய்வின் தடப்பதிவு, மீசென்கைமக் குறியீடான எஃப்எஸ்பி1 மரபணுவின் ப்ரமோட்டரை (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) நம்பியது. ஈஎம்டிக்குள் போகும் செல்களில் பெரும்பகுதி எஃப்எஸ்பி1-ஐ எழுப்புவதே இல்லை என்ற மறுப்பு பின்னர் வந்தது. பாதி மாறித் திரும்பிவிட்ட செல்லை அந்தப் பொறி பிடிக்காது. இரண்டாவதில் ஸ்னெயில் போனாலும் செப்1 இருக்கிறது. அதே வகைக் கணைய மாதிரியில் செப்1-ஐ நீக்கியபோது பரவல் கணிசமாகக் குறைந்ததை 2017-இல் காட்டினார்கள். ஒரு காரணியை எடுத்துவிட்டு முழு நிகழ்வும் தேவையில்லை என்று முடிவு கட்ட முடியாது. உறுப்புக்கு உறுப்பு பொறுப்பேற்கும் காரணி வேறு.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் உண்டு, அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். முழுதாக மீசென்கைமாக மாறி அங்கேயே பூட்டிக்கொண்ட செல் புதிய இடத்தில் கட்டியாக வளர்வதில் மோசம். தோல் செதிற்செல் புற்று எலியில் ட்விஸ்ட்1-ஐத் தொடர்ந்து எழுப்பி வைத்தால் செல்கள் ரத்தத்தில் இறங்கின, நுரையீரலில் வளரவில்லை. அணைத்தபின்தான் வளர்ந்தன. இது 2012. மார்பக மாதிரிகளில் ஈ-கேட்ஹெரினை நீக்கினால் ஊடுருவல் கூடி, பரவல் குறைந்தது. இது 2019. ரத்தத்தில் சுற்றும் புற்றுசெல் கொத்துகள் தனிச்செல்லைவிட 23 முதல் 50 மடங்கு பரவும் திறன் கொண்டவை என்பதும் எலியில் அளந்ததே. கொத்தாக இருக்கச் சந்திப்பு வேண்டுமல்லவா? ஆக, ஆபத்தானது நடுநிலையில் நிற்கும் செல்.

மனிதத் திசுவிலும் அப்படித்தான். தலை–கழுத்துச் செதிற்செல் புற்றில் தனிச்செல் ஆர்என்ஏ வரிசைப்படுத்தல் 2017-இல் காட்டியது பகுதி ஈஎம்டி. கட்டியின் முன்னேறும் விளிம்பில், நார் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்களை ஒட்டிய செல்களில் லாமினின், விமெண்டின் மரபணுக்கள் ஏறியிருந்தன. எபிதீலியக் குறியீடுகள் தொலைந்துவிடவில்லை, செப்1, ட்விஸ்ட் எழவில்லை.

மதிவதனிக்கு என் துறையிலிருந்து ஓர் எதிர் உதாரணம். மார்பகத்தின் ஊடுருவும் லோபுலார் புற்றில் ஈ-கேட்ஹெரின் போய்விடுகிறது, பெரும்பாலும் அதன் மரபணுவான சிடிஹெச்1 சிதைவதால். செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் ஊடுருவும். ஆனால் எபிதீலிய இழைப் புரதமான கெராட்டின் முழுதாக இருக்கும், விமெண்டின் பொதுவாக வராது. ஈ-கேட்ஹெரின் இழப்பு, ஊடுருவல் இரண்டும் இருந்தும் ஈஎம்டி அல்ல.

கட்டி முழுவதையும் அரைத்து எடுத்த ஆர்என்ஏ தரவில் “ஈஎம்டி மரபணுத் தொகுதி ஏறியது” என்று எழுதும் பழக்கத்தைக் கைவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கொலாஜன், ஃபைப்ரோநெக்டின், விமெண்டின் எல்லாம் கட்டிக்குள் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் கொட்டுபவை. குடல் புற்றின் மீசென்கைம் வகை என்று பெயரிட்டதில் பெரும்பங்கு சமிக்ஞை கட்டியைத் தாங்கும் துணைத்திசுவான ஸ்ட்ரோமாவிலிருந்து வந்தது என்று 2015-இல் இரண்டு குழுக்கள் காட்டின. மனிதக் கட்டியை எலியில் வளர்த்தால் எலி ஆர்என்ஏ தனியாகப் பிரியும், அதில் இது பளிச்சென்று தெரியும்.

செங்கதிர்:
எஃப்எஸ்பி1 மறுப்பை நான் படித்திருக்கவில்லை. செப்1 வாதம் வலுவானது, ஏற்கிறேன். நாரேற்றத்தில், அதாவது திசுவில் நார் பெருகும் நோயில், இதே தடப்பதிவுச் சண்டைதானே நடந்தது?

வானதி:
ஆமாம். சிறுநீர்க்குழாயைக் கட்டிய எலிச் சிறுநீரகத்தில் புதிய ஃபைப்ரோபிளாஸ்ட்களில் சுமார் 36% குழாய் எபிதீலியத்திலிருந்து வந்ததாக 2002-இல் சொன்னார்கள். அங்கும் எஃப்எஸ்பி1 குறியீடு, அது நோயெதிர்ப்புச் செல்லான மேக்ரோஃபேஜிலும் எழும். 2010-இல் கண்டிப்பான தடப்பதிவு, எபிதீலியம் அடிச்சவ்வைத் தாண்டி வெளியே வரவில்லை, நார் பின்னும் மயோஃபைப்ரோபிளாஸ்ட்கள் ரத்த நுண்குழாயைச் சுற்றியிருக்கும் பெரிசைட்களிலிருந்து வருகின்றன என்றது. 2013-இல் இன்னொரு குழு ஈஎம்டியின் பங்கை 5% என்று கணக்கிட்டது.

இத்தோடு முடிந்தது என்று பலர் நினைத்தபோது 2015-இல் திருப்பம். குழாய்ச் செல்களில் மட்டும் ஸ்னெயில்1-ஐ அல்லது ட்விஸ்ட்1-ஐ நீக்கினால் நாரேற்றம் குறைகிறது. செல் குழாயை விட்டு வெளியேறவே இல்லை. பகுதி ஈஎம்டியில், செல் பிரிவுக்குச் சற்று முந்தைய ஜி2/எம் கட்டத்தில் சிக்கி, இருந்த இடத்திலிருந்தே டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைகளை வீசுகிறது. பக்கத்து ஃபைப்ரோபிளாஸ்ட் அதைக் கேட்டு நார் பின்னுகிறது. அந்தச் செல்லிடம் “நீ ஃபைப்ரோபிளாஸ்ட் ஆனாயா?” என்று கேட்டதுதான் தவறான கேள்வி.

மதிவதனி:
அப்படியானால் என் தட்டில் இருப்பது பகுதியா முழுதா என்பதை எப்படிப் பிரிப்பது? மருந்தை நிறுத்தினால் திரும்புகிறதா என்று பார்த்தால் போதுமா?

கரிகாலன்:
பார்க்க வேண்டும், ஆனால் அதன் விடை எத்தனை நாள் மருந்து கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. உள்ளே இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. மிர்-34 என்ற மைக்ரோஆர்என்ஏ (மரபணு வெளிப்பாட்டை அடக்கும் குறு ஆர்என்ஏ) ஸ்னெயிலை அடக்கும், ஸ்னெயில் மிர்-34-ஐ அடக்கும். மிர்-200 குடும்பம் செப்1, செப்2 இரண்டையும் அடக்கும், அவை திருப்பி மிர்-200-ஐ அடக்கும். ஸ்னெயில் ஏறியும் மிர்-200 இன்னும் இருக்கும் கட்டம்தான் நடுநிலை. செப்1 வென்றுவிட்டால் டிஜிஎஃப்-பீட்டாவைச் செல்லே சுரக்கத் தொடங்கும், நாள் போகப்போக மிர்-200 ப்ரமோட்டரில் அதை அணைத்துவைக்கும் மெத்தில் குறி ஏறும், அதன்பின் மருந்தை எடுத்தாலும் எளிதில் திரும்பாது. ஓவோல்2, ஜிஆர்ஹெச்எல்2 போன்ற காரணிகள் செல்லை எபிதீலியப் பக்கம் பிடித்துவைக்கும். ஆகவே குறியீடுகளில் மிர்-200சி, செப்1, ஜிஆர்ஹெச்எல்2 மூன்றையும் சேர்த்து அளந்தால் நிலை தெரியும். தட்டின் சராசரி பாதியென்றால், எல்லாச் செல்லும் பாதி மாறியதா, பாதிச் செல்கள் முழுதாக மாறியதா என்று அது சொல்லாது. ஒரே செல்லில் ஈ-கேட்ஹெரினும் விமெண்டினும் சேர்ந்து இருக்கிறதா என்பதை இரட்டைச் சாயத்தில்தான் பார்க்க முடியும்.

இன்னொன்று, பிளாஸ்டிக் தட்டின் விறைப்பு எந்த மென்திசுவுக்கும் இல்லாதது. என்எம்யுஎம்ஜி செல்களை மென்மையான பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் வைத்து டிஜிஎஃப்-பீட்டா கொடுத்தால் செத்துப்போகின்றன, விறைப்பான ஜெல்லில் ஈஎம்டிக்குப் போகின்றன. அதே செல், அதே மருந்து. உங்கள் முடிவை உடலுக்குப் பொருத்திப் பேசும் முன் ஒரு மென்ஜெல் சோதனை செய்வது நல்லது.

திரும்பும் சோதனைக்கு 2 நாள், 6 நாள், 12 நாள் மருந்து கொடுத்த தட்டுகளைத் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றையும் மருந்தில்லாமல் குறைந்தது மருந்து கொடுத்த அளவு நாட்கள் விடுங்கள். வெறுமனே ஊடகத்தை மாற்றினால் போதாது. டிஜிஎஃப்-பீட்டா செல்கள் சுரந்த மேட்ரிக்ஸிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டியிருக்கும், செல்லும் தானாகச் சுரக்கும். அதனால் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கிளை வையுங்கள்: ஒன்றில் கழுவிய ஊடகம் மட்டும், மற்றொன்றில் அதோடு எஸ்பி431542. முதல் கிளை திரும்பாமல் இரண்டாவது திரும்பினால் செல் தன் சொந்தச் சுரப்பால் நிற்கிறது. இரண்டும் திரும்பாவிட்டால் குரோமாட்டின் அளவில் பூட்டிவிட்டது என்று சந்தேகித்து, மிர்-200சி ப்ரமோட்டரின் மெத்திலேற்றத்தை பைசல்ஃபைட் முறையில் பாருங்கள். இடையில் செல்களை ஒரு முறையாவது பிரித்து நட வேண்டிவரும். எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில், ஒரே அடர்த்தியில் நடுங்கள்.